செம்பு கறுத்த வீடு

எனக்கு மூக்கு செத்துப்போனது இருபத்து நான்காம் வயதில். கண் போனவனுக்கு ஊர் இரக்கப்படும், காது போனவனிடம் கத்தியாவது பேசும். மூக்கு போனவனைப் பார்த்தால் சிரிக்கும், அவ்வளவுதான். நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அந்த மூக்கினால் என் வீடு காலியாகும்வரை.

தூத்துக்குடியில் ஒரு சங்குக் கிடங்கில் எனக்குத் தரம் பிரிக்கிற வேலை. புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. முக்குளிப்பவர்கள் கொண்டுவரும் சங்குகளை ஒவ்வொன்றாக ஒரு பித்தளை வளையத்துக்குள் விட்டுப் பார்ப்பேன். வளையத்துக்குள் புகுந்து கீழே விழுந்தால் அது சிறுசு, திரும்பக் கடலுக்கே போகும். விழாமல் நின்றால் கிடங்குக்கு. சங்கின் உள்ளே இருக்கும் சதையை யாரும் தோண்டி எடுப்பதில்லை. குழியில் போட்டு மூடினால் தானாகவே அழுகிக் கழன்றுவிடும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் எல்லோரும் துண்டையும் முந்தானையையும் மூக்கில் வைத்துக்கொள்வார்கள். நாங்கள் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்போம். புதிதாக வேலைக்கு வந்தவன் முதல் வாரம் சாப்பிடமாட்டான். இரண்டாம் வாரம் பாதி சாப்பிடுவான். மாதம் முடிந்தால் அடுத்தவன் தூக்குச்சட்டியிலும் கை வைப்பான். நான் பதினைந்தே நாளில் அந்த நிலைக்கு வந்துவிட்டேன். அதை ஒரு திறமை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பெண் எடுத்தது ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், ஆற்றுத் தண்ணீர் பாயும் ஒரு நெல் ஊரில். பெண் பார்க்கப் போன அன்று இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனேன். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று அங்கே ஒருவர் கேட்டதற்கு, “ஹார்பர் பக்கம்” என்று என்னோடு வந்தவர் மழுப்பினார். நானும் பேசாமல் இருந்தேன். சங்கு என்ற சொல்லை வாயில் கொண்டுவர எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் அவளே என் சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் வேலை இன்னதென்று சொன்னேன். “அதுக்கென்ன, எங்க ஊர்ல உரக்குழி இல்லையா?” என்றாள். பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். அதைக்கூட நான் குத்தலாக எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்கிறவன் நான். கொடுக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

நாங்கள் குடியிருந்தது ஒரு காயல்பட்டினத்துக்காரர் கட்டிய வீடு. அவருக்குக் கொழும்பில் வியாபாரம். துறைமுகத்துக்கு வந்துபோகும்போது தங்குவதற்கென்று கட்டிவிட்டு, பிறகு வரத்து நின்றுபோய், எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பின்பக்கத்து அறை ஒன்றை மட்டும் தன் சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்துக்கொண்டார். உப்புக் காற்றில் இரும்புக் குழாய் நிலைக்காது என்று மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கும் அடுப்படிக்கும் செம்புக் குழாய் போட்டிருந்தார். செம்புக் குடம் வைத்திருக்கிற வீடே பெரிய வீடு என்று பேர் வாங்கும் தெருவில் செம்பிலே குழாய்! வருகிறவர்கள் எல்லோரும் அதை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

குடிவந்து மூன்று மாதம் இருக்கும். ராத்திரிச் சாப்பாடு பரிமாறிக்கொண்டே அவள் சொன்னாள், “வீட்டுல என்னமோ வாடை அடிக்குங்க. முட்டை அழுகுன மாதிரி இருக்கு.”

நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்க் குளித்தேன்.

மறுநாளிலிருந்து கிடங்கிலேயே குளித்துவிட்டு வந்தேன். வேலைச் சட்டையை வாசலுக்கு வெளியே கொடியில் போட்டேன். சீயக்காய் தேய்த்தேன், வாசனைப் பவுடர் போட்டேன், காதில் அத்தர் பஞ்சுகூட வைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

“நான்தான் குளிச்சிட்டேனே” என்று கத்தினேன்.

“ஐயோ, உங்களச் சொல்லலங்க. வீட்டச் சொல்லுதேன்.”

நான் நம்பவில்லை. நல்ல குடும்பத்துப் பெண், புருஷனை நேராகச் சொல்வாளா, வீட்டைச் சாக்கு வைத்துச் சொல்கிறாள் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அடுத்தவர் வாயில் இல்லாத சொல்லைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் யாரும் இல்லை. வீட்டில் வாடை இருக்கிறதா என்று நானும்தான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. செத்த மூக்குக்கு என்ன தெரியும்? அது என் புத்திக்கு அப்போது எட்டவில்லை. எனக்குத் தெரியாத வாடை அவளுக்கு மட்டும் தெரிகிறதென்றால் அது என் உடம்பின் வாடைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அந்தக் கணக்கு.

அவளுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி வந்தது. குமட்டல் வந்தது. ஒருநாள் அடுத்த வீட்டு அம்மாள் அவள் கொல்லையில் ஓங்கரிப்பதைப் பார்த்துவிட்டு, “ஏளா, எத்தன நாளாச்சு?” என்று சிரித்தபடி கேட்டார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. அவள் அம்மா இரண்டு தூக்கு நிறைய அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த அதிரசத்தை நாங்கள் நாலைந்து நாள் பேசாமல் தின்று தீர்த்தோம்.

ஏழெட்டு மாதம் கழித்து மறுபடியும் அதே குமட்டல், அதே பேச்சு, அதே ஆஸ்பத்திரி, அதே பதில். இந்தத் தடவை யாரும் அதிரசம் கொண்டுவரவில்லை. அதற்குப் பிறகு அவள் தெருப்பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். பூக்காரி வந்தால்கூடக் கதவை ஒருச்சாய்த்துத்தான் பேசினாள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மெதுவாகச் சொன்னாள், “வேற வீடு பாப்பமாங்க?”

“எந்த வீட்டுக்குப் போனாலும் நான்தான வருவேன்?”

“என்ன சொல்லுதீய?”

“நாத்தம் தாங்காதவ நாத்தம் இல்லாத ஊருக்கே போய் இரு. எனக்கு ஒண்ணுமில்ல.”

இதைச் சொன்னது நான்தான். கோபம் இருக்கும் இடத்தில் குணம் இருக்கும் என்று எனக்காகச் சிலர் பரிந்து பேசியது உண்டு. குணம் இருந்ததோ என்னவோ, மறுநாள் காலையில் வீட்டில் அவள் இல்லை. ஒரு பையில் நாலு சேலையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போயிருந்தாள். போகும்போது அடுப்பில் சோறு வடித்து மூடி வைத்திருந்தாள்.

தானாக வருவாள் என்று இருந்தேன். கடிதம் போடவில்லை. அவளும் போடவில்லை. ஒரு வருஷம் அப்படியே போனது. அந்த ஒரு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் கிளப்புக் கடையில் இட்லி, மத்தியானம் தூக்குச்சட்டி, ராத்திரி பாதி நாள் பட்டினி. வீட்டில் பேச ஆள் இல்லாததால் என் குரலே எனக்கு மறந்துவிடும்போல் இருந்தது. சில நாள் ரேடியோக்காரன் செய்தி முடித்து வணக்கம் சொன்னால் நானும் திரும்ப வணக்கம் சொல்வேன். தபால்காரர் கடிதத்தை நீட்டிவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நிற்பார். மீட்டர் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்று, “நீங்களே நம்பர் சொல்லுங்க” என்பார். பார்த்தாயா, பொண்டாட்டி மட்டுமில்லை, ஊரே உன்னை வெறுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகமும் இருந்தது. துக்கத்தில் இருப்பவன் தன்னைக் கொஞ்சுவது அந்த மாதிரித்தான்.

அப்போதுதான் அடுப்படியில் செம்புக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. ஊசித்துளை அளவு ஓட்டை, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். குழாய் பிட்டர் ஒருவரைக் கூட்டி வந்தேன். ஆலந்தலைக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். பையோடு உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்று, தோள் துண்டை மூக்கில் அமுக்கிக்கொண்டார்.

“மாதாவே! என்ன அண்ணாச்சி, வீட்டுக்குள்ள முட்டை எதுவும் அழுகிக் கெடக்கா?”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. “நான் சங்குக் கிடங்குல வேலை பாக்கேன். அந்த வாடை” என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து, வெட்கமே இல்லாமல் என் தோளை மோந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். “சங்கு வாடை எனக்குத் தெரியாதா? எங்க அப்பா சங்கு குளிச்ச ஆளு. அந்த வாடையிலதான் நாங்க வளர்ந்தோம். அது வேற, இது வேற. உங்க மேல சங்கு வாடை லேசா இருக்கு. இந்த வீட்டுல அடிக்கது அது இல்ல, அண்ணாச்சி.”

நான் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிட்டர் என்னைக் கவனிக்கவில்லை. குழாயை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “கடக்கரையில செம்பு பச்சையாத்தான் மாறும். களிம்பு. உங்க மாடியில பாருங்க, பச்சையா இருக்கும். இங்கன உள்ள ஏன் கறுத்துக் கெடக்கு? செம்பு கறுத்தா அது கந்தகம். சாக்கடைக் காத்து பட்டா இப்படித்தான் ஆவும்.”

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் குழாய் பச்சையாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் கறுப்பு. மூன்று வருஷமாக அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அடுப்புப் புகை என்று நினைத்திருந்தேன்.

முதலில் தண்ணீரில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்டோம். அடுப்படிக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துத் தெருவுக்குக் கொண்டுபோய் அவர் மோந்து பார்த்தார். “தண்ணி சுத்தம். காத்துலதான் இருக்கு” என்றார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். உள்ளே இருந்தால் தனக்கும் பத்து நிமிஷத்தில் மூக்கு மரத்துவிடுகிறது, எல்லா இடமும் ஒன்றுபோல இருக்கிறது என்றார். ஓட்டையை அடைத்துவிட்டு, மூலை முடுக்கெல்லாம் பார்த்து வையுங்கள், மறுபடி வருகிறேன் என்று போனார்.

என் மூக்கை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது? யோசித்துக்கொண்டே வேலைக்குப் போனேன். கையில் அந்தப் பித்தளை வளையம். குழியைத் திறக்கிற வாரங்களில் அது கறுத்துப்போகும், புளி போட்டுத் துலக்கித் துலக்கி வைப்போம். அதைப் பார்த்ததும் வழி கிடைத்தது. எனக்கு மூக்கு இல்லாவிட்டால் என்ன, செம்புக்கு இருக்கிறதே.

வீட்டில் ஒரு தகர டப்பாவில் ஓட்டைக் காலணாக்கள் கிடந்தன. நடுவில் ஓட்டை போட்ட பழைய செப்புக் காசு, செல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. எட்டுக் காசை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டு, முகம் தெரிகிற மாதிரித் துலக்கினேன். ஓட்டையில் நூல் கோத்து வாசல், கூடம், அடுப்படி, குளியலறை, படுக்கை அறை, கொல்லை, மாடி என்று கட்டித் தொங்கவிட்டேன். மிஞ்சிய ஒன்றைப் பூட்டிக் கிடந்த அறையின் கதவில், கொண்டியிலிருந்து கீழே தொங்கும்படி கட்டினேன். மூன்று நாளும் வேலைவிட்டு வந்ததும் அவற்றை ஒரு சுற்றுப் பார்ப்பதுதான் எனக்குப் பொழுது. வீட்டுக்கு வந்தால் பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது என்பதே அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் அவிழ்த்துத் தரையில் வரிசையாக வைத்தேன். வாசலும் மாடியும் கொல்லையும் போட்டபடியே மின்னின. கூடம் லேசாக மங்கியிருந்தது. அடுப்படியும் குளியலறையும் பழுப்பு. படுக்கை அறைக் காசு நல்ல கருநீலம். பூட்டிய கதவில் கட்டியது அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது.

எங்கள் படுக்கை அறைக்கும் அந்தப் பூட்டிய அறைக்கும் நடுவில்தான் அந்தக் கதவு. கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி. கட்டிலில் நான் ஜன்னல் ஓரம் படுப்பேன், காற்று வரும் என்று நானே பிடித்துக்கொண்ட இடம். அவள் தலைமாடு அந்தக் கதவோரம். இரண்டு வருஷம் அங்கேதான் படுத்திருந்தாள். வரிசையாக வைத்த காசுகளுக்கு முன்னால் உட்கார்ந்து அன்று நான் வாய்விட்டு அழுதேன். யாரும் இல்லாத வீட்டில் ஒரு வசதி, அழுகையை அடக்க வேண்டியதில்லை.

சாவி வாங்கக் காயல்பட்டினம் போனேன். வீட்டுக்காரர் கொழும்பில் இருந்தார். அவருடைய மனைவி கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பேசினார். விஷயத்தைச் சொன்னேன். பிறகு ஒரு தட்டில் சாவியை வைத்துத் திரைக்கு அடியில் தள்ளினார்.

“அந்த ரூம நாங்க தொறந்து எத்தினியோ வருசமாச்சு. அவங்க வருவாங்கன்னுதான் பூட்டி வச்சது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “வீட்டுல இருக்கவங்க சொகமா?” என்று கேட்டார்.

“சொகமா இருக்கா” என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம்கூடத் தடுமாற்றம் வரவில்லை.

பிட்டர் கதவைத் திறந்துவிட்டு என்னை வெளியே இழுத்துக்கொண்டார். பீடி பற்ற வைக்காதீர்கள், அரை மணி போகட்டும் என்றார். பிறகு உள்ளே போனோம். மரப்பெட்டிகள், ஒரு பெரிய கட்டில், மூலையில் தடுப்புச் சுவர் வைத்து ஒரு கக்கூஸ். கொழும்பில் பார்த்து ஆசைப்பட்டுப் போட்டிருப்பார் போல, நாற்காலி மாதிரி உட்காருகிற பீங்கான். சுவரில் போன செம்புக் குழாய் அங்கே கன்னங்கரேலென்று இருந்தது. பிட்டர் பீங்கானுக்குள் எட்டிப் பார்த்தார்.

“பாத்தீயளா? இந்த வளைவுல எப்பவும் தண்ணி நிக்கணும். தண்ணிதான் இதுக்குக் கதவு. யாரும் பொழங்காததால வத்திப்போச்சு. கீழ உள்ள கக்கூஸ் தொட்டிக் காத்து நேரா வீட்டுக்குள்ள வருது.”

ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அவ்வளவுதான் வைத்தியம். மூன்று வருஷம், இரண்டு தடவை ஆஸ்பத்திரி, ஒரு குடும்பம், எல்லாவற்றுக்கும் ஒரு வாளித் தண்ணீர் போதுமாக இருந்திருக்கிறது.

ஆனால் அவருக்குத் திருப்தி வரவில்லை. “இவ்வளவு காத்து இங்கன வரக்கூடாதே. தொட்டிக் காத்து மேல போறதுக்கு ஒரு இரும்புக் குழாய் இருக்கணுமே” என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். பின்பக்கச் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நின்றது. அதன் தலையில் சிமெண்டு பூசி ஒரு வெள்ளைச் சங்கு உட்கார்ந்திருந்தது.

“இத யாரு வச்சா?”

நான்தான் வைத்தேன். எங்கள் கிடங்குக்காரர்கள் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் கழித்துப்போட்ட சங்கு ஒன்றைக் கொண்டுபோய் உச்சியில் வைப்பது வழக்கம். திருஷ்டி அண்டாது, வீடு விளங்கும் என்பார்கள். அந்த இரும்புக் குழாயை நான் வீட்டுக்காரர் ரேடியோ ஏரியலுக்கு நட்ட கம்பம் என்று நினைத்தேன். ஓட்டையாக இருக்கிறதே, மழை இறங்கித் துருப்பிடிக்குமே என்று சிமெண்டைக் குழைத்து நன்றாக அடைத்து, மேலே சங்கை நிறுத்தினேன். அவள்தான் கீழேயிருந்து சிமெண்டுச் சட்டியை எடுத்துக் கொடுத்தாள். “நேரா இருக்கா பாரு” என்றேன். “அழகா இருக்கு” என்றாள்.

பிட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “குடிபோன வீட்டுக்கு நீங்களே சங்கு ஊதிட்டீயளே அண்ணாச்சி!” எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுத்தியலை வாங்கி நானே உடைத்தேன். குழாயின் வாயிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது, அது என் முகத்தில் பட்டது. அப்போதும் எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

எட்டுக் காசையும் மறுபடி துலக்கி அதே இடங்களில் கட்டினேன். ஒரு வாரம் ஆகியும் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். அவள் அம்மா கோவிலுக்குப் போயிருந்தார், தம்பி வயலில். அவள் மட்டும் இருந்தாள். மெலிந்திருந்தாள். வாங்க என்றாள், முன்கூடத்தில் பாய் விரித்தாள், தண்ணீர் கொடுத்தாள். நான் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பிட்டர் வந்தது, காசு கறுத்தது, பூட்டிய அறை, வற்றிப்போன வளைவு, சங்கு. நீ என்னைச் சொல்கிறாய் என்று நினைத்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அப்ப, எனக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

“என் ஒடம்புலதான் என்னமோ கோளாறுன்னு நெனச்சேன். ரெண்டு தடவ எல்லாரும் புள்ளன்னு சொல்லி, இல்லன்னு ஆச்சே. வயித்துல ஏதோ கெட்டது இருக்கு, அதான் கொமட்டுதுன்னு... அந்த வாடையே எனக்குள்ள இருந்துதான் வருதோன்னு கூட நெனச்சேன். அம்மாட்ட கூடச் சொல்லல.”

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாடை தன்னுடையது என்று ஒரே கட்டிலின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேரும் தனித்தனியாக நினைத்துப் படுத்திருந்திருக்கிறோம். நான் எழுந்து பக்கத்தில் போயிருக்க வேண்டும். அதுதான் எவனும் செய்வது. நான் பாயில் உட்கார்ந்தபடி, “பிட்டர் நல்ல ஆளு, வந்ததுமே கண்டுபிடிச்சிட்டாரு” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அவரு ஒரு நிமிசம் நின்னு சொன்னத நம்பிட்டீய. நான் ரெண்டு வருசமாச் சொன்னேன்” என்றாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதோ பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். என் முன்னால் உட்காரக்கூடப் பிடிக்காமல் எழுந்து போய்விட்டாள், இதற்கு மேல் போ என்று வாயால் வேறு சொல்லவேண்டுமா என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். தண்ணீர்ச் செம்பை ஓரமாக வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ஒன்பது வருஷம் கழித்துச் சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் அவள் தம்பியைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்து அவனே வந்து பேசினான். அக்கா ஊரில்தான் இருக்கிறாள், பால்வாடியில் வேலை பார்க்கிறாள் என்றான். மழை, விளைச்சல் என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். பிறகு சட்டென்று கேட்டான்.

“அத்தான், அன்னைக்கு எங்கன போனீய? நான் வயல்ல இருந்து வாரேன், அக்கா சேல மாத்தி, தல சீவி, பையோட வாசல்ல நிக்கா. ‘அத்தான் டீ குடிக்கப் போயிருப்பாக, இப்ப வந்துருவாக’ன்னா. இருட்டுற வரைக்கும் உள்ள வராம அங்கனயே நின்னா.”

“பஸ்ஸுக்கு நேரமாயிட்டு” என்றேன்.

“அதுக்கப்புறம் பஸ்ஸே இல்லையா அத்தான்?”

இருந்தது. ஏழு மணிக்கு ஒன்று இருந்தது.